ஸ்காட்லாந்தின் மேற்கு, வடக்குக் கரையில் சிறிய பாய்மரப் படகு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்காட்லாந்துக் கரையில் சில கோடைகளாகப் பாய்மரப் படகில் சுற்றி வருகிறேன். முதலில் மற்றவர்களின் படகில் கை கொடுக்கப் போனேன், அப்புறம் 29 அடிப் படகு ஒன்றில் பங்கு வாங்கினேன். அங்கே போக ஆசைப்படும் நண்பர்கள் கேட்பது பெரும்பாலும் இதே கேள்விகள்தான். அவர்கள் கேட்டபடியே இங்கே எழுதி, எனக்குத் தெரிந்த பதிலையும் சேர்த்திருக்கிறேன். பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதை நம்பி நிற்பதால் வரிசையாகப் படிப்பது நல்லது.

எந்தக் கரையைச் சொல்கிறீர்கள்? எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது?

தெற்கே கிரினன் என்ற சின்னத் துறையில் ஆரம்பிக்கிறேன். அங்கிருந்து ஓபன், மல் தீவு, ஆர்ட்னமர்கன் முனை, ஸ்கை தீவு, அல்லாபூல் என்று வடக்கே போய், பிரிட்டன் பெருநிலத்தின் வடமேற்கு மூலையான கேப் ராத் வரை. அதைச் சுற்றினால் வடக்குக் கரை, அதற்கு அப்பால் ஆர்க்னி தீவுகள்.

மலைகள் நேராகக் கடலில் இறங்கும் கரை இது. நிலத்துக்குள் மைல் கணக்கில் நீளும் உப்புநீர்க் கழிகளை அங்கே 'லாக்' என்கிறார்கள். மேற்கே வெளி ஹெப்ரிடீஸ் தீவுகள் நீண்ட சுவர்போல நின்று அட்லாண்டிக் அலையைப் பெருமளவு தடுக்கின்றன. அந்தச் சுவருக்கும் பெருநிலத்துக்கும் நடுவே இருப்பது மிஞ்ச் கடல். சுவரின் பாதுகாப்பு முடிந்ததும் கடலின் குணமே மாறிவிடும். கேப் ராத் பற்றிய பதிலில் அது வரும்.

26 அடிப் படகு போதுமா? பெரிய படகு இல்லாமல் அங்கே போவது ஆபத்து இல்லையா?

போதும். அதைவிடச் சிறிய படகிலும் பலர் வருடாவருடம் போய் வருகிறார்கள். சொல்லப்போனால், குறுகிய நங்கூரத்துறைகளில் சிறிய படகுக்குத்தான் இடம் எளிதாகக் கிடைக்கும்.

நீளத்தைவிட நான் முதலில் பார்ப்பது மூன்று பொருள்கள்: நம்பகமான இன்ஜின், படகின் அளவுக்கு ஒரு படி பெரிய நங்கூரம், உள்ளே சூடேற்றும் ஹீட்டர். ஹீட்டரை ஆடம்பரம் என்று நினைத்தவன் நான். நனைந்து, நடுங்கி, தூங்காமல் இரண்டு நாள் போனால் சார்ட்டில் (கடல் வரைபடத்தில்) போட்ட எளிய கணக்கே தப்பாகிறது என்று அப்புறம்தான் புரிந்தது.

லைசென்ஸ் எடுக்க வேண்டுமா?

சொந்தப் பொழுதுபோக்குக்கு இந்த அளவுள்ள படகை ஓட்ட பிரிட்டனில் சட்டப்படி உரிமம் தேவையில்லை. வாடகைக்குக் கொடுப்பவர்கள் அனுபவத்தையும் சான்றிதழையும் கேட்பார்கள். பிரிட்டனின் படகோட்டிகள் அமைப்பான ஆர்.ஒய்.ஏ.வின் 'டே ஸ்கிப்பர்' பயிற்சி நல்ல தொடக்கம். படகுகளும் கரையும் பேசிக்கொள்ளும் விஎச்எஃப் ரேடியோ விஷயம் வேறு: அதை இயக்குபவரிடம் சான்றிதழ் இருக்க வேண்டும், படகின் ரேடியோவுக்குத் தனி உரிமமும் வேண்டும். ஆனால் உயிர் ஆபத்து என்றால் யாரும் அதை எடுத்துப் பேசலாம். படகில் இருக்கும் எல்லோருக்கும் எப்படி என்று கற்றுக்கொடுத்துவிடுங்கள்.

எந்த மாதம் போகலாம்?

என்னைக் கேட்டால் மே நடுவிலிருந்து ஜூன் முடிய. அப்போது கிழக்குக் காற்றும் தெளிந்த வானமும் வர வாய்ப்பு அதிகம். ஜூன் கடைசியில் அல்லாபூல் பக்கம் ஏறக்குறைய 18 மணி நேரம் பகல், இரவு பத்தரை மணிக்குத்தான் சூரியன் மறையும். புதியவருக்கு இது பெரிய வரம். தாமதமானாலும் இருட்டில் பாறைகளுக்கு நடுவே துறை தேட வேண்டியிருக்காது.

ஜூலை, ஆகஸ்டில் கொஞ்சம் வெப்பம் கூடும், மழையும் கூடும், 'மிட்ஜ்' என்ற பொடிக் கொசுக்கள் வரும். காற்றில்லாத மாலையில் கரையோரம் நங்கூரமிட்டால் படகுக்குள் படையாக நுழைந்துவிடும். மெல்லிய காற்று வீசினாலே அவற்றால் பறக்க முடியாது என்பதால், கரையை விட்டுச் சற்றுத் தள்ளி காற்று படும் இடத்தில் நிற்பது உதவும். செப்டம்பர் பாதிக்கு மேல் புயல்கள் அடுத்தடுத்து வர ஆரம்பிக்கும். முதல் பயணத்தை அப்போது வைத்துக்கொள்ள வேண்டாம்.

தண்ணீர் அவ்வளவு குளிரா? நான் நன்றாக நீந்துவேனே?

மே மாதத்தில் கடல் 9, 10 டிகிரி செல்சியஸ்தான் இருக்கும். ஆகஸ்டிலும் 14 டிகிரியை ஒட்டித்தான். அந்த நீரில் திடீரென்று விழுந்தவரின் உடல் தன்னையறியாமல் மூச்சை இழுக்கும். தலை நீருக்குள் இருக்கும்போது அப்படி இழுத்தால் அங்கேயே முடிந்துவிடலாம். இந்த அதிர்ச்சி ஓரிரு நிமிடத்தில் அடங்கும். அதற்குப் பின் பத்து நிமிடம் போலத்தான் கையும் விரலும் சொன்ன பேச்சைக் கேட்கும். நல்ல நீச்சல்காரர் கயிற்றைப் பிடித்தும் ஏற முடியாமல் போவது இதனால்தான்.

அதனால் விழாமல் இருப்பதுதான் பாதுகாப்பு. உயிர்காப்புச் சட்டை எப்போதும் உடம்பில் இருக்கட்டும். தனியாக மேலே நிற்கும்போதும், பாய் சுருக்க முன்னால் போகும்போதும் இடுப்புப் பட்டையைப் படகோடு கொக்கி மாட்டிக்கொள்ளுங்கள். துறைமுகத்தில் ஒருமுறை, ஆள் நீரில் இருப்பதாக வைத்துக்கொண்டு அவரை மேலே தூக்கும் முறையைச் செய்து பாருங்கள். நனைந்த உடுப்போடு ஓர் ஆளைத் தூக்குவது எவ்வளவு கடினம் என்று கையால் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஓதம், ஓதம் என்றே எல்லோரும் பேசுகிறார்களே, அதில் அப்படி என்ன இருக்கிறது?

இந்தக் கரையில் எல்லாமே அதில்தான் இருக்கிறது. ஓதம் என்பது கடல் ஏறி வற்றுவது: கடல் ஏறக்குறைய ஆறே கால் மணி நேரம் ஏறும், அடுத்த ஆறே கால் மணி நேரம் வற்றும். ஏறி இறங்கும் அந்த நீர் முழுவதும் தீவுகளுக்கு நடுவே உள்ள இடுக்குகள் வழியாகத்தான் ஓடியாக வேண்டும். அகன்ற கடலில் ஒரு நாட் வேகத்தில் நகரும் நீர் (ஒரு நாட் என்றால் மணிக்கு ஒரு கடல் மைல், 1.85 கி.மீ.) இடுக்கில் ஆறு போலப் பாயும். கிரினனுக்கு அருகே டோரஸ் மோர், லூயிங் தீவுக்கும் செயில் தீவுக்கும் நடுவே குவான் நீரிணை, ஸ்கை தீவுக்கும் பெருநிலத்துக்கும் நடுவே கைல் ரே. இவற்றில் நீரோட்டம் உச்சத்தில் 7, 8 நாட் வரை போகும்.

நம் படகின் வேகம் 5 நாட். எதிரே 7 நாட் நீர் வந்தால், பாய் புடைக்க முன்னோக்கிப் போவதாக நினைத்துக்கொண்டே மணிக்கு இரண்டு மைல் பின்னால் போவோம். அதே நீர் பின்னாலிருந்து தள்ளினால் 12 நாட் வேகத்தில் வெளியே வந்து விழுவோம். ஆகவே பயணத்தைத் திட்டமிடும்போது முதலில் எழுத வேண்டியது, எந்த இடுக்கின் வாயில் எத்தனை மணிக்கு நிற்க வேண்டும் என்பதைத்தான். புறப்படும் நேரம் அதிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டால் தானாக வரும். அது விடியற்காலை நான்கு மணி என்றால் நான்கு மணிதான்.

அமாவாசை, பௌர்ணமி கழிந்து ஓரிரு நாளில் ஏற்றமும் வற்றமும் உச்சத்தில் இருக்கும், நீரோட்டமும் அப்படியே. அஷ்டமியை ஒட்டிய நாள்களில் எல்லாம் தணிந்திருக்கும். முதல் தடவை போகிறவர்கள் பிறையைப் பார்த்து விடுப்புக்கு எழுதிக் கொடுத்தால், பாதி சிக்கல் கரையிலேயே தீர்ந்துவிடும்.

இன்னொரு விஷயமும் உண்டு. நீர் ஒரு திசையில் ஓட, காற்று அதற்கு நேர் எதிரே வீசினால் அலைகள் குட்டையாக, செங்குத்தாக, நெருக்கமாக எழும். சுகமாக இருந்த அதே இடம், நீர் திரும்பிய அரை மணியில், காற்று கொஞ்சமும் கூடாமலேயே, படகை உலுக்கி எடுக்கும்.

அப்படியானால் கோரிவ்ரெக்கன் சுழி பக்கமே போகக் கூடாதா?

ஜூரா, ஸ்கார்பா தீவுகளுக்கு நடுவே உள்ளது கோரிவ்ரெக்கன். அங்கே நீரோட்டம் 8 நாட்டைத் தாண்டும். கடலடியிலிருந்து எழும் கூர்மையான பாறைமுகடு ஒன்று ஓடும் நீரைத் தடுத்து மேலே தள்ளுகிறது, சுழிகள் அதனால் உண்டாகின்றன. கடல் ஏறும் நேரத்தில் நீர் மேற்கு நோக்கிப் பாயும். மேலைக் காற்றும் அட்லாண்டிக் அலையும் அதை எதிர்த்து வந்தால் அந்த இரைச்சல் பல மைல் தள்ளிக் கேட்கும்.

எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்வெல் 1947 ஆகஸ்டில், ஜூராவில் தங்கியிருந்தபோது, சின்ன மோட்டார் படகில் மகனோடும் அக்கா பிள்ளைகளோடும் இங்கே மாட்டிக்கொண்டார். ஓத அட்டவணையைத் தவறாகப் படித்துவிட்டார். இன்ஜின் கழன்று கடலில் விழுந்தது, துடுப்புப் போட்டு ஒரு பாறைத்திட்டை அடைந்தார்கள், அங்கே படகு கவிழ்ந்தது. அந்த வழியே வந்த இறால் பிடிப்பவர்கள் காப்பாற்றினார்கள்.

போகவே கூடாது என்று சொல்ல மாட்டேன். அஷ்டமி ஓதம், காற்றில்லாத நாள், மேற்கே பெரிய அலை இல்லை, நீர் நிற்கும் நேரம் என்ற நான்கும் சேர்ந்தால் கடக்கலாம். நான் அப்படி ஒருமுறை போனேன். நீர் கண்ணாடியாகக் கிடந்தது, அடியிலிருந்து எண்ணெய் கொதிப்பதுபோல வட்டங்கள் மட்டும் எழுந்தன. நான்கில் ஒன்று குறைந்தாலும் திரும்பிவிடுங்கள்.

வானிலை அறிக்கையில் ஃபோர்ஸ் 5 என்று வந்தால் போகலாமா?

ஃபோர்ஸ் 5 என்றால் 17 முதல் 21 நாட் காற்று. திசையைக் கேட்காமல் பதில் சொல்ல முடியாது. கரையிலிருந்து கடலுக்கு வீசும் 5, தட்டையான நீரில் அருமையான ஓட்டம் தரும். அதே 5 ஓதத்துக்கு எதிராக வந்தால் மேலே சொன்ன உலுக்கல்தான். புதியவர்கள் 4 வரை வைத்துக்கொள்ளலாம். படகில் குழந்தைகள் இருந்தால் 3 போதும்.

பிரிட்டன் வானிலை மையத்தின் கரையோர அறிக்கை இந்தக் கரையைப் பிரித்துச் சொல்லும்: கின்டயர் முனையிலிருந்து ஆர்ட்னமர்கன் வரை ஒன்று, அங்கிருந்து கேப் ராத் வரை ஒன்று. கடலோரக் காவல் படை அதை விஎச்எஃப்பில் மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை வாசிக்கிறது. புயல் எச்சரிக்கையில் வரும் சொற்களுக்குக் கணக்கு உண்டு. 'இம்மினன்ட்' என்றால் ஆறு மணி நேரத்துக்குள், 'சூன்' என்றால் 6 முதல் 12 மணிக்குள், 'லேட்டர்' என்றால் 12 மணிக்கு அப்பால். இவை எச்சரிக்கை வெளியான நேரத்திலிருந்து எண்ணப்படுபவை, நீங்கள் கேட்ட நேரத்திலிருந்து அல்ல.

அறிக்கையில் வராத காற்றும் உண்டு. உயரமான மலைகளின் காற்று மறைவில் இருக்கிறோம் என்று நிம்மதியாக இருக்கும்போது, மலை மேலிருந்து காற்று உருண்டு இறங்கிப் படகைச் சாய்க்கும். ஸ்கை தீவின் குயிலின் மலையடியில் உள்ள லாக் ஸ்கேவேக் அழகுக்கும் இந்த அடிக்கும் சேர்த்தே பேர் போனது.

இரவில் எங்கே தங்குவது? மெரினா (படகைக் கட்டி நிறுத்தும் துறை) இருக்குமா?

ஓபன் எதிரே கெரேரா தீவு, டோபர்மோரி, மல்லேக், ஸ்டோர்னோவே என்று படகைக் கட்ட மிதக்கும் மேடை போட்ட துறைகள் இருக்கின்றன. சில ஊர்களில் வருகிறவர்களுக்கென்று மிதவைகள் போட்டிருப்பார்கள். வடக்கே போகப் போக இவை குறையும். கரையின் உண்மையான சுகம் நங்கூரத்துறைகளில்தான். ராசே தீவுக்கு வடக்கே ரோனாவில் அக்கர்செட் மோர் என்று ஒன்று இருக்கிறது. பாறைகளுக்கு நடுவே வளைந்து உள்ளே போனால் சுற்றிலும் மூடிய குளம். கேலிக் மொழியில் அந்தப் பெயருக்கே பெரிய துறை என்றுதான் பொருள். கரையில் இறங்கி நடக்கவும் தடையில்லை. ஸ்காட்லாந்தின் 2003ஆம் ஆண்டுச் சட்டம், பொறுப்போடு நடக்கிறவருக்குப் பெரும்பாலான நிலத்தில் அந்த உரிமையைத் தருகிறது.

நங்கூரம் பிடித்ததா இல்லையா என்று எப்படித் தெரியும்?

இங்கே அடியில் சேறு, மணல், பாறை, 'கெல்ப்' என்ற தடித்த கடற்பாசி என்று மாறி மாறி இருக்கும். சேறும் மணலும் நன்றாகப் பிடிக்கும். கெல்ப் ஏமாற்றும். நங்கூரம் பாசிக்கட்டில் சிக்கி, பிடித்துவிட்டதுபோலக் காட்டி, நடு இரவில் காற்று கூடும்போது வேரோடு வந்துவிடும். எனக்கு அது நடந்திருக்கிறது. சங்கிலியோடு ஒரு புதரே மேலே வந்தது, படகு அதற்குள் பாறைக்கு இருபது அடியில். அன்றிலிருந்து நங்கூரம் இறக்கியதும் இன்ஜினைப் பின்னோக்கிப் போட்டு, மெதுவாகத் தொடங்கி நல்ல வேகம் வரை இழுத்துப் பார்க்கிறேன். கரையில் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும் இரண்டு பொருள்களை, ஒரு பாறையையும் பின்னால் ஒரு மரத்தையும், நேர்கோட்டில் வைத்துப் பார்ப்பேன். கோடு கலையாமல் இருந்தால் பிடித்திருக்கிறது.

சங்கிலியின் நீளத்தை ஏற்றத்துக்குக் கணக்கிடுங்கள். கடல் வற்றியிருக்கும்போது 4 மீட்டர் ஆழத்தில் நிற்கிறீர்கள், அன்று 4 மீட்டர் ஏறும் என்றால் இரவில் ஆழம் 8 மீட்டர். படகின் முன்பக்க உயரம் ஒரு மீட்டர் சேர்த்து 9. அதைப்போல நான்கு மடங்கு, 36 மீட்டர் சங்கிலி. காற்று எதிர்பார்த்தால் இன்னும் கொடுக்க வேண்டும்.

ஜிபிஎஸ் இருக்கும்போது காகித சார்ட் எதற்கு?

ஜிபிஎஸ் உங்கள் இடத்தைச் சில மீட்டருக்குள் சொல்லும். பாறை எங்கே என்பதைச் சார்ட்தான் சொல்ல வேண்டும். ஒதுக்குப்புறமான சில லாக்குகளின் ஆழங்கள் 19ஆம் நூற்றாண்டில் ஈயக்குண்டு கட்டிய கயிற்றால் அளந்தவை. இரண்டு அளவுகளுக்கு நடுவே குண்டு தொடாத பாறை இருக்கலாம். எந்தப் பகுதி எந்த ஆண்டு அளக்கப்பட்டது என்பது சார்ட்டிலேயே சிறு படமாக இருக்கும். அதை முதலில் பாருங்கள். திரையில் எவ்வளவு பெரிதாக்கினாலும் பழைய அளவு புதிதாகிவிடாது. காந்தமுள்ளையும் எல்லா இடத்திலும் நம்ப முடியாது. கன்னா தீவில் 'காம்பஸ் ஹில்' என்றே ஒரு குன்று உண்டு, அதன் பாறையில் உள்ள இரும்பு பக்கத்தில் போகும் படகின் காந்தமுள்ளைத் திருப்பிவிடும்.

இறால் கூண்டு மிதவையின் கயிறு இன்ஜினின் சுழலியில் சுற்றிக்கொண்டால்?

உடனே இன்ஜினை நிறுத்துங்கள். பாயில் நகர முடிந்தால் நகருங்கள், முடியாவிட்டால் நங்கூரம் போடுங்கள். கயிற்றை அறுக்கிறேன் என்று நீரில் குதிக்க வேண்டாம். காரணம் ஐந்தாம் பதிலில் இருக்கிறது.

கேப் ராத்தைச் சுற்றுவது எப்படி? எல்லோரும் பயமுறுத்துகிறார்களே?

பயம் நியாயமானது. இங்கே ஹெப்ரிடீஸ் சுவர் முடிந்துவிடுகிறது. அட்லாண்டிக் அலை நேராக வந்து பாறையில் மோதித் திரும்பி, வருகிற அலையோடு கலக்கிறது, ஓதமும் முனையைச் சுற்றி ஓடுகிறது. கிழக்கே க்ளோ மோர் மலைமுகம் 281 மீட்டர் செங்குத்தாக நிற்கிறது. 'ராத்' என்பது கோபம் என்ற பொருளில் வந்ததல்ல, பழைய நார்ஸ் மொழியில் திரும்பும் இடம் என்று பொருள். வைக்கிங் மாலுமிகள் அங்கேதான் கப்பலைத் திருப்பினார்கள்.

தெற்கே கின்லாக்பெர்வி மீன்பிடித் துறையில் காத்திருங்கள். இரண்டு மூன்று நாள் பலமான மேற்கு, வடக்குக் காற்று இல்லாமல் பழைய அலை தணிந்திருக்க வேண்டும். காற்று நின்றதும் கடலும் அடங்கிவிட்டது என்று எண்ணி அவசரப்படுகிறவர்கள்தான் அடி வாங்குகிறார்கள். கிழக்கே ஓடும் நீரோடு போகும்படி நேரம் வையுங்கள். முனையின் வடகிழக்கே டஸ்லிக் என்ற பாறை இருப்பதால் நல்ல தூரம் விட்டுச் சுற்றுங்கள். பக்கத்தில் கடற்படை குண்டுவீச்சுப் பயிற்சி நடத்தும் பகுதியும் இருக்கிறது, அது நடக்கும் நாளா என்று முன்கூட்டியே விசாரியுங்கள்.

சுற்றிய பின் முதல் அடைக்கலம் லாக் எரிபோல். இரண்டாம் உலகப் போர் முடிவில் ஜெர்மன் நீர்மூழ்கிகள் சரணடைந்த இடம். ஸ்க்ராப்ஸ்டர் துறைமுகம் முனையிலிருந்து 45 மைலுக்கு மேல், நம் வேகத்தில் ஒன்பது மணி நேரம். அதற்கும் கிழக்கே உள்ள பென்ட்லாந்து நீரிணையில் நீரோட்டம் 12 நாட் வரை போகும். அதை முதல் பயணத்தில் சேர்க்க வேண்டாம்.

அதைச் சுற்றாமல் கிழக்குக் கரைக்குப் போக வழியே இல்லையா?

கலிடோனியன் கால்வாய் இருக்கிறது. தாமஸ் டெல்ஃபர்ட் கட்டி 1822இல் திறந்தது. கோர்பாக்கிலிருந்து இன்வர்னெஸ் வரை 60 மைல், படகை நீர்மட்டத்தோடு ஏற்றி இறக்கும் மதகுகள் 29. லாக் நெஸ் ஏரி வழியாகவே போகும். பாய்மரத்தை இறக்க வேண்டியதில்லை.

நடுவழியில் காற்று ஏறிவிட்டால் கரைக்கு ஓடுவதா, கடலிலேயே நிற்பதா?

இதுதான் கடினமான கேள்வி. கரைக்கு ஓடத்தான் மனம் சொல்லும். காற்று கரையை நோக்கி வீசினால், குறுகிய வாயுள்ள லாக்குக்குள் நுழைவது அந்தச் சமயத்தில் செய்யக்கூடிய ஆபத்தான வேலை. வாயில் அலை உடையும், இன்ஜின் நின்றால் திரும்ப இடமிருக்காது. ஒரு தீவின் மறுபக்கம் காற்று மறைவாக இருந்தால் அங்கே போங்கள், தூரம் கூடுதல் என்றாலும். அதுவும் இல்லை, இருட்டும் வருகிறது என்றால் பாயைச் சுருக்கிக் கரையை விட்டு விலகுங்கள்.

புறப்படும் முன்பே மேற்குக் காற்றுக்கு ஒரு துறை, தெற்குக் காற்றுக்கு ஒரு துறை என்று வழியில் இரண்டு மூன்று பெயர்களைக் குறித்து வைப்பேன். எதுவரை வந்தால் திரும்பலாம், எதற்குப் பிறகு திரும்ப ஓதம் விடாது என்பதையும் எழுதிவிடுவேன். களைத்த தலை புதிதாக யோசிக்காது, எழுதியிருப்பதைப் படிக்க மட்டும்தான் அதனால் முடியும்.

உதவி கேட்டால் யார் வருவார்கள்?

விஎச்எஃப் சேனல் 16இல் கடலோரக் காவல் படை கேட்டுக்கொண்டே இருக்கிறது. உயிருக்கு ஆபத்து என்றால் 'மேடே', அவசரம் ஆனால் உயிராபத்து இல்லை என்றால் 'பான் பான்'. வருவது பெரும்பாலும் ஆர்.என்.எல்.ஐ. உயிர்மீட்புப் படகு. 1824இல் தொடங்கிய தொண்டு நிறுவனம், படகில் வருபவர்களில் பெரும்பாலோர் ஊதியம் வாங்காதவர்கள். தூக்கத்திலிருந்து எழுந்து ஓடி வருகிற ஊர்க்காரர்கள். ஆகவே சந்தேகம் வந்ததுமே சொல்லிவிடுங்கள், இருட்டும் வரை காத்திருந்து அவர்களுக்குக் கடினமாக்காதீர்கள். மலை மறைத்தால் ரேடியோ எட்டாது, அங்கே கைபேசிக்கும் சிக்னல் இருக்காது. அந்த மாதிரி லாக்குக்குள் நுழையும் முன்பே எங்கே போகிறோம், எப்போது வெளியே வருவோம் என்று ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.

எத்தனை நாள் விடுப்பு எடுக்க வேண்டும்?

கிரினனிலிருந்து ஸ்கை வரை போய்த் திரும்ப இரண்டு வாரம். கேப் ராத்தும் வேண்டும் என்றால் நான்கு வாரம், அல்லது படகை அல்லாபூலிலோ லாக்கின்வரிலோ பாதுகாப்பாக விட்டுவிட்டு அடுத்த விடுப்பில் வந்து தொடருங்கள். மூன்று நாளுக்கு ஒரு நாள் நகர மாட்டோம் என்று கணக்கில் வையுங்கள். திங்கட்கிழமை அலுவலகம் போயாக வேண்டும் என்று யாராவது படகில் இருந்தால், அவர் பேருந்திலோ ரயிலிலோ திரும்பும்படி, வழி உள்ள துறையில் வெள்ளிக்கிழமையே இறக்கிவிடுங்கள்.